பலேர்மோவுக்கு ஓர் ஆப்பிரிக்க வைத்தியர் தேவை

முதல் நாள் கூடத்துக்கு வந்திருந்தவர்கள்: இயக்குநர் பியெரா, கானா நாட்டு எபனேசர், செனகல் நாட்டு அவா, விளக்குகளைக் கவனித்துக்கொள்ளும் இரண்டு பலேர்மோ மாணவர்கள், தமிழ்நாட்டிலிருந்து போன மாரி என்கிற நான். வராதவர் ஒரே ஒருவர். நாடகம் யாரைப் பற்றியதோ, அந்த வைத்தியர்.

கானாவின் அக்ரா பக்கத்திலிருந்து மூலிகை வைத்தியர் ஒருவரை வரவழைப்பதாகத்தான் ஏற்பாடு. அவருக்கு விசா கிடைக்கவில்லை. இத்தாலியில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, 'வைத்தியம் பார்ப்பதுபோல் சிலர் நடிப்பார்கள், அது சரியா தப்பா என்று சொல்லப் போகிறேன்' என்று மனிதர் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாராம். கேட்டவருக்கு அது பொய் மாதிரி பட்டிருக்கிறது.

இது 2006 செப்டம்பர். கால்பந்து உலகக் கோப்பையை இத்தாலி வென்றபோது கட்டிய நீலக் கொடிகள் பலேர்மோவின் பால்கனிகளில் துணியோடு துணியாக இன்னும் காய்ந்துகொண்டிருந்தன. நான் நாடகத் துறையில் ஆய்வு மாணவன். எழுத்துப் பிரதி இல்லாமல், கூடியவர்கள் தத்தமக்குத் தெரிந்ததை நடித்துக் காட்ட, அதில் தேறியதை இயக்குநர் ஒன்றாகத் தைத்து உருவாக்கும் பட்டறை நாடகங்கள்தான் என் பாடம். தென்னாப்பிரிக்காவில் இந்த முறை நன்றாக வளர்ந்தது. அப்படிப்பட்ட நாடகங்களிலும்கூட நாட்டு வைத்தியர் மேடைக்கு வந்தால் கூடவே இறகும் எலும்பும் உருட்டிய கண்ணும் வந்துவிடுவது ஏன் என்பது என் கேள்வி. பலேர்மோவில் அப்படியொரு பட்டறை நடக்கிறது என்று துறைக்கு அழைப்பு வந்ததும் என்னை அனுப்பினார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் வகுப்பு எடுப்பவர் எதைச் சொன்னாலும் உடனே செய்துவிடும் பழக்கம் எனக்கு உண்டு. பின்னால் வரப்போகும் வம்புக்கு இதுதான் காரணம் என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன். ஊரைவிட்டுக் கிளம்பும் முன் அப்பா கேட்டார்: "வைத்தியத்துக்குப் படிச்சிருந்தா ஊசியாவது போடுவ. வைத்தியரா நடிக்கிறதப் பத்திப் படிச்சா என்னடா போடுவ?" வேஷம் போடுவேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் என்னைக் கூட்டிப்போக வந்தவர் செல்வராசா அண்ணன். என் விடுதி நண்பனின் சித்தப்பா, யாழ்ப்பாணத்துக்காரர், இருபது வருடமாகப் பலேர்மோவாசி. அத்தனை கூட்டத்தில் நேராக என்னிடம் வந்து பெட்டியைப் பிடித்தார்.

"எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?"

"பெட்டிக்குக் கயிறு கட்டியிருக்கிறீர். இந்தியாவிலை இருந்து வாறவைதான் சூட்கேசுக்கு மேலை கயிறு கட்டுவினம்."

"யாழ்ப்பாணத்துல கட்டமாட்டாங்களா?"

"நாங்கள் டேப் ஒட்டுவம், தம்பி."

நிலையத்துக்கு வெளியே ஒரு வண்டியில் கடலைமாவைச் சதுரமாகப் பொரித்துப் பன்னுக்குள் வைத்துக் கொடுத்தார்கள். பனெல்லே என்று பெயர். பஜ்ஜிக்குள்ளே எதையும் வைக்க மறந்துவிட்டு, பஜ்ஜியையே பன்னுக்குள் வைத்துச் சமாளித்த மாதிரி இருந்தது. ஆனால் ருசி. மறுநாள் போர்கோ வெக்கியோ சந்தையில் இன்னொரு பன். கொழுப்பில் வதக்கிய கரும்பழுப்புத் துண்டுகள், மேலே எலுமிச்சைச் சாறு. கடித்த உடனே நாக்கு சொல்லிவிட்டது: சுவரொட்டி! மண்ணீரல்தான்; இங்கே மாட்டினுடையது, எங்கள் ஊரில் ஆட்டினுடையது, அவ்வளவுதான் வித்தியாசம். ரத்தம் ஊற வேண்டும் என்று எங்கள் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு விழுங்க வைத்த பொருளை, இங்கே கோட்டு போட்ட மனிதர்கள் வரிசையில் நின்று வாங்கித் தின்றார்கள்.

போர்கோ வெக்கியோவில்தான் செல்வராசா அண்ணன் வீடும். நாடகக் கூடமும் அங்கிருந்து துறைமுகம் போகும் வழியில் இருந்தது. முன்பு மீனுக்கு ஐஸ் வைத்திருந்த கிடங்கு. நட்ட நடுவில் ஒரு தூண். அந்தத் தூணை மறந்துவிட வேண்டாம்.

இரண்டாம் நாள் பியெரா ஒரு முகமூடியோடு வந்தார். பழஞ்சாமான் சந்தையில் வாங்கியதாம். கோரைப்பல், வைக்கோல் தாடி, தலையில் இறகு. உள்பக்கம் ஒட்டியிருந்த தாளில் இந்தோனேசியா என்று எழுதியிருந்தது. அதை நான் பார்த்ததை எபனேசர் பார்த்தார்.

"யார் வைத்தியர்?" என்று கேட்டார் பியெரா.

அவா முந்திக்கொண்டாள். "நான் நோயாளி. எனக்கு இருமல் நல்லா வரும்." அங்கேயே இருமிக் காட்டினாள். விளக்கு மாணவர்களில் ஒருவன் தண்ணீர் எடுக்க ஓடினான்.

"நான் நோயாளிக்கு அண்ணன்," என்றார் எபனேசர்.

"அண்ணனுக்கு வசனமே கிடையாதே?"

"அதனாலதான்."

மாணவர்கள் இருவரும் சுண்ணாம்பு வெள்ளை. முகத்தில் கரி பூசுகிற வேலை என் கூடத்தில் நடக்காது என்று பியெரா முதல் நாளே சொல்லியிருந்தார். மிச்சம் இருந்தது நான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் இந்தியன்," என்றேன்.

"தெரியும்," என்றாள் அவா. "ஆனா வைத்தியருக்கு விசா கிடைக்கல. உனக்குக் கிடைச்சிருக்கு."

இப்படியாக நான் ஆப்பிரிக்க வைத்தியர் ஆனேன்.

அன்று மதியம் கிடங்கின் படிக்கட்டில் உட்கார்ந்து பனெல்லே தின்னும்போதுதான் எபனேசர் வாயைத் திறந்தார். அந்தப் பெயரில் பாளையங்கோட்டைக்காரன் ஒருவன் எனக்கு வகுப்புத் தோழன், அதனால் முதல் நாளிலிருந்தே அவரிடம் எனக்கு உரிமை. "ஏன் பயந்து ஒதுங்குறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறார். கிரேஸ் என்ற பெண்ணை விரும்புகிறார். கிரேஸின் அப்பா, பல்லாரோ சந்தைக்குப் பின்னால் ஒரு கராஜில் நடக்கும் கானாக்காரர்கள் சபையின் பாஸ்டர். நாட்டு வைத்தியர்களின் வீடு சாத்தானின் மருந்துக்கடை என்று மைக் பிடித்துச் சொல்கிறவர். நாடகம் முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எபனேசர் அவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். அவர்கள் ஊரில் பெண் கேட்பதற்குப் பெயரே கதவு தட்டுவதுதான். பெரியவர்களோடு, பானங்களோடு போய்த் தட்ட வேண்டும். திறப்பதும் திறக்காததும் அவர்கள் இஷ்டம்.

"தட்டுங்க. அதுக்கும் இந்த நாடகத்துக்கும் என்ன?"

"என் அம்மா எங்க ஊர் டெச்சிமான்ல வைத்தியம் பார்க்கிறவ."

"பாஸ்டருக்குத் தெரியுமா?"

"அம்மாவுக்கு இலை வியாபாரம்னு சொல்லி வச்சிருக்கேன். பொய் இல்லையே. இலைதான."

"அப்ப இந்தப் பட்டறைக்கு எதுக்கு வந்தீங்க? பேசாம இருந்திருக்கலாம்ல?"

அவர் கூடத்துக்குள் கையைக் காட்டினார். உள்ளே நாற்காலிமேல் முகமூடி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. "யாராவது அதைப் போட்டுக்கிட்டு என் அம்மான்னு சொல்லிக் குதிச்சா, நான் அப்ப இங்க இல்லாமப் போயிடக் கூடாது."

காய்ச்சலுக்கு அம்மா என்ன கொடுப்பார் என்று கேட்டேன். 'நிம்' என்றார். படிக்கட்டுப் புழுதியில் விரலால் இலையை வரைந்தார். ஓரமெல்லாம் ரம்பப் பல். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இது எங்க ஊர் மரம்!"

"இல்ல. எங்க ஊர் மரம். எங்க வீட்டு வாசல்லயே நிக்குது."

"எங்க வீட்டு வாசல்லயும்தான் நிக்குது."

புழுதியில் இருந்த இலையை இரண்டு பேரும் மறுபடி குனிந்து பார்த்தோம்.

எனக்கு யார் சொல்லிக்கொடுப்பது? எபனேசர்தான். ஆனால் எங்கே? பல்லாரோவில் எந்தக் கடையில் நின்றாலும் சபைக்காரர் ஒருவர் 'பிரதர்' என்று கூப்பிடுவார். கடைசியில் கானாக்காரர் யாரும் எட்டிப் பார்க்காத இடம் ஒன்று கிடைத்தது. செல்வராசா அண்ணன் வீட்டு அடுப்படி. அண்ணனின் மனைவி யோகம் அக்கா புட்டு அவித்துக்கொண்டிருந்தார். அக்காவிடம் எதையும் மறைக்க முடியாது, முழுக்கதையும் சொல்லிவிட்டேன்.

"தம்பி, அவரைக் கேளும், அம்மா பேய் கலைப்பாவோ?"

இங்கிலீஷில் மொழிபெயர்த்தேன். எபனேசர் யோசித்துவிட்டு, "பெரும்பாலும் வாயுதான்," என்றார்.

"வாய்வைக் கலைக்கிறவ எண்டால் உடனை இஞ்சை வரச் சொல்லும்." அக்கா கரண்டியால் அண்ணனைச் சுட்டினார். "இவருக்குத்தான் முதல் தேவை."

"விருந்தாளிக்கு முன்னாலை என்ன கதை கதைக்கிறீர்?" என்று அண்ணன் பேப்பருக்குள் மறைந்தார்.

எபனேசர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். வந்தவரை உட்கார வைக்க வேண்டும். தண்ணீர் கொடுக்க வேண்டும். குடித்து முடிக்கும்வரை எதற்கு வந்தாய் என்று கேட்கக் கூடாது. பிறகு வந்தவர் ஒரு முட்டையை வைப்பார். கட்டணம் இவ்வளவு என்று வைத்தியர் வாயால் வராது. முன்னோருக்கு என்று ஒரு சொட்டு பானம் தரையில் ஊற்ற வேண்டும். அதன் பிறகு கேள்விகள்: என்ன சாப்பிட்டாய், எப்படித் தூங்கினாய், வீட்டில் யாரோடு சண்டை? அப்புறம்தான் இலை.

"ஆடுறது எப்ப வரும்?" என்று பேனாவோடு கேட்டேன்.

"யாரு ஆடுவா?"

"வைத்தியர்."

"அம்மாவுக்கு முட்டி வலி." பிறகு இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொண்டார். "சாமி வந்து ஆடுறவங்களும் எங்க ஊர்ல உண்டு. அவங்க வேற ஆளு. அம்மா இலை பார்க்கிறவ."

நோயாளியாக யோகம் அக்காவே உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொடுத்து, குடிக்கும்வரை காத்திருந்து, "எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டேன். அக்கா இடுப்பில் ஆரம்பித்து, மாடிப்படியில் ஏறி, வேலை செய்யும் அலுவலகத்தில் துடைக்கும் கண்ணாடிக் கதவுகள், ஊரிலிருக்கும் நாத்தனார் என்று போய்க்கொண்டே இருந்தார். புட்டு ஆறிவிட்டது. நான் எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் எபனேசரைப் பார்த்தேன்.

"நிறுத்தாதே," என்றார் அவர். "அம்மாவும் இப்படித்தான் கேட்டுக்கிட்டே இருப்பா. பாதி நோய் அதுலயே போயிடும்னு சொல்லுவா."

எழுந்திருக்கும்போது அக்கா, "இடுப்பு கொஞ்சம் சுகம்தான் தம்பி," என்றார். எனக்குப் பயமாகிவிட்டது.

அடுத்த நாள் நாங்கள் இதைச் செய்து காட்டியதும் பியெரா முகமூடியை எடுத்துக் கொண்டுபோய் விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். "இதுதான் நாடகம்," என்றார். "ஆனா சுவரொட்டி அச்சாகிடுச்சு." சுவரொட்டியில் முழுப் பக்கத்துக்கு முகமூடிதான் இருந்தது. இறகு ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

வைத்தியர் உட்காரக் குட்டையான மரமுக்காலி வேண்டும் என்றார் பியெரா. செல்வராசா அண்ணன் பகேரியாவில் ஒரு பழைய வில்லாவில் ஒரு சின்யோராவுக்குச் சமைக்கிறார். அங்கே அவரைக்காய் உரிக்க அவர் உட்காரும் முக்காலி சரியாக இருக்கும் என்று ரயிலேறிப் போனோம். போகும்போது சுகமாகத்தான் போனோம். முக்காலியோடு திரும்பி வந்தால் ரயில் இல்லை. வேலைநிறுத்தம். நிலையத்தில் நின்றவர்களில் ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. மழை வந்தால் ஒதுங்குகிற மாதிரி எல்லாரும் பேருந்துக்கு ஒதுங்கினார்கள். எங்கள் ஊரில் என்றால் இந்நேரம் ஸ்டேஷன் மாஸ்டரைச் சுற்றி ஐம்பது பேர் நின்றிருப்பார்கள்.

பேருந்தில் நிற்க இடமில்லை. ஆனால் எங்களிடம் உட்கார இடம் இருந்தது. கறுப்பு உடையணிந்த வயதான அம்மாள் ஒருவர், அனுமதி எதுவும் கேட்காமல் முக்காலியை என் கையிலிருந்து வாங்கி, இருக்கைகளுக்கு நடுவே போட்டு உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்த பிறகு, இது எதற்கு என்று விசாரித்தார். அண்ணன் சொன்னதும் சிலுவைக்குறி போட்டார். "ஆப்பிரிக்க மந்திரவாதியா! தேவமாதாவே, ராத்திரி தூக்கம் வருமா உங்களுக்கு?"

"உங்கடை ஊரிலை அப்பிடி ஒருத்தரும் இல்லையோ எண்டு கேளுங்கோ அண்ணே," என்றேன். அண்ணனின் தமிழ் எனக்கும் தொற்றிக்கொண்டிருந்தது.

அம்மாள் சொன்னதை அண்ணன் துண்டு துண்டாக மொழிபெயர்த்தார். சேச்சே, எங்களிடம் அந்த மாதிரி எல்லாம் கிடையாது. கண் பட்டுவிட்டால் மட்டும் பகேரியாவில் அவருடைய தங்கை ஒரு தட்டில் தண்ணீர் வைத்து எண்ணெய்ச் சொட்டு விடுவாள். சொட்டு பரவினால் கண் பட்டிருக்கிறது. ஒரு ஜெபம் சொல்லி எடுத்துவிடுவாள். அதை யாருக்கும் சொல்லித்தர முடியாது, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மட்டும்தான் சொல்லித்தரலாம்.

"இறகு வைத்துக்கொள்வார்களா?" என்று கேட்கச் சொன்னேன்.

"என் தங்கையா? அவள் ஓய்வுபெற்ற தபால் ஊழியர்!" என்று அம்மாள் கோபித்துக்கொண்டார். இறங்கும் வரை முக்காலியை விடவில்லை.

கடைசி ஒத்திகைக்கு எபனேசர் வரவில்லை. உணவகத்தில் கல்யாண விருந்து, தட்டு மலை குவிந்து கிடந்தது. நான் முக்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்து, முட்டை வாங்கி, புட்டியைச் சாய்த்தேன்.

"நிறுத்து," என்றார் பியெரா. "வலக்கையால ஊத்தினா உன் முழங்கை முகத்தை மறைக்குது. இந்தப் பக்கம் தூண் வேற. பாக்கிறவங்களுக்கு ஒரு முழங்கையும் ஒரு தூணும்தான் தெரியும். இடக்கையால ஊத்து."

எங்கள் வீட்டில் இடக்கையால் உப்பு நீட்டினாலே வாங்கமாட்டார்கள். எபனேசர் அடுப்படியில் ஊற்றிக் காட்டியதும் வலக்கையால்தான். சொல்லிப் பார்த்தேன். "பியெரா, அது... இடக்கை..."

"என்ன, இடக்கைல வலியா?"

வலி இல்லை. சொல்லத் தெரியவில்லை. அவர் இயக்குநர், வகுப்பு எடுப்பவர். நான் இடக்கைக்கு மாற்றிக்கொண்டேன். முகம் நன்றாகத் தெரிந்தது என்று பாராட்டினார்.

நாடகத்தன்று மாலை திரை ஓட்டை வழியாகப் பார்த்த எபனேசர் அப்படியே என் தோளைப் பிடித்தார். முன் வரிசையில் கோட்டு சூட்டோடு பாஸ்டர். ஒரு பக்கம் கிரேஸ். மறுபக்கம் சபை மூப்பர் இருவர். பியெரா நல்லெண்ணத்தில் சபை வாசலிலேயே சுவரொட்டி ஒட்டச் சொல்லியிருக்கிறார். பல்லைக் காட்டிய அந்த முகமூடியை. நாளைய பிரசங்கத்துக்கு முன் சாத்தானின் மருந்துக்கடையை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று பாஸ்டர் வந்திருக்கிறார்.

"கிரேஸ்கிட்ட நீங்க சொல்லலையா?"

"அண்ணன் வேஷம், வசனமே இல்லன்னு மட்டும் சொன்னேன். அம்மா விஷயம் அவளுக்குத் தெரியும். அவருக்குத்தான் தெரியாது." அவர் ஓட்டையை விரலால் மூடினார். "நாளைக்கு அந்தக் கதவு திறக்காது, மாரி."

விளக்கு வந்தது. அவா இருமிக்கொண்டு நுழைந்தாள். மூன்றாம் வரிசையில் செல்வராசா அண்ணனும் யோகம் அக்காவும். நான் அவாவை உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். அவள் குடிக்கும்வரை காத்திருந்தேன். பாஸ்டர் நெற்றியைச் சுருக்கி முன்னால் சாய்ந்தார். இறகை எதிர்பார்த்து வந்தவருக்குத் தண்ணீர் டம்ளரைக் காட்டினால் என்ன செய்வார், பாவம். முட்டை வந்தது. புட்டியை எடுத்தேன். இடக்கையால் சாய்த்தேன்.

"நிறுத்து!"

பாஸ்டர் எழுந்து நின்றிருந்தார். மைக் பழகிய குரல், கிடங்கே அதிர்ந்தது. "இடக்கை! எந்த ஊர்ல, எந்த வைத்தியன் இடக்கையால ஊத்துவான்? செத்தவங்களை இப்படியா அவமானப்படுத்துவ? இதை என் அப்பா பாத்திருந்தா அந்தப் புட்டியைப் பிடுங்கி வீசியிருப்பார்!"

இதுவும் நாடகம் என்று நினைத்துப் பின்வரிசையில் கை தட்டினார்கள். நான் தூணோடு தூணாக நின்றேன். யோகம் அக்கா தலையில் கை வைத்து, "ஐயோ, இடக்கையாலோ ஊத்தினவர்?" என்று வாய்விட்டே சொன்னார்.

அப்போது பக்கத்திலிருந்து எபனேசர் வந்தார். வசனம் இல்லாத அண்ணன். என் கையிலிருந்து புட்டியை வாங்கினார். சட்டை நுனியால் அதன் வாயைத் துடைத்தார். வலக்கையால், கொஞ்சமாக, கொடுக்க மனமில்லாதவர்போல் இல்லாமல், வீணாக்குகிறவர்போலும் இல்லாமல் ஊற்றினார். முக்காலியில் முட்டி வலிக்கிறவர்போல ஒரு கையை ஊன்றி உட்கார்ந்தார். அவாவிடம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். எத்தனை தடவை இருமல் வருகிறது, இருமினால் ரத்தம் வருகிறதா என்று கேட்டார். "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ. நெஞ்சைப் படம் எடுக்கச் சொல்லு. அவங்க ஒண்ணுமில்லன்னு அனுப்பினா எங்கிட்ட வா. என் இலை எங்கயும் ஓடிப்போகாது."

அந்த வரி எங்கள் நாடகத்தில் இல்லவே இல்லை.

பாஸ்டர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். குரல் மட்டும் இறங்கியிருந்தது. "உனக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது?"

எபனேசர் முக்காலியிலிருந்து எழுந்தார். நான் கிரேஸைப் பார்த்தேன். அவள் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"என் அம்மா."

"இலை வியாபாரம்னு சொன்னியே."

"இலைதான், பாஸ்டர். விற்கிறதில்லை."

பாஸ்டர் உட்கார்ந்தார். அவா சமயம் பார்த்து இருமினாள். நாடகம் தொடர்ந்தது.

முடிந்ததும் வாசலில் அவரே எங்களிடம் வந்தார். "நாளைக்கு என் பிரசங்கம் மாறாது," என்று ஆரம்பித்தார். "ஏமாத்துறவங்களை ஏமாத்துறவங்கன்னுதான் சொல்லுவேன். உன் அம்மா ஏமாத்துவாளா?"

"வாயுன்னா வாயுன்னுதான் சொல்லுவா."

மூப்பர்களில் ஒருவர் சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார். பாஸ்டர் சிரிக்கவில்லை. "பெத்தவளை மறைச்சிட்டு ஒரு வீட்டுக் கதவைத் தட்ட வர்றது குற்றம். அதுக்கு நம்ம ஊர்ல என்ன வழக்கம்?"

"அபராதம்," என்றார் எபனேசர். முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. அபராதம் போடுகிறார் என்றால் கதவு திறக்கப் போகிறது என்று அர்த்தம். திறக்காத வீட்டில் யார் அபராதம் கேட்பார்கள்?

"அம்மாவை மறைச்சதுக்கு மால்ட் ரெண்டு பெட்டி." அந்தக் காலத்தில் ஷ்னாப்ஸ் என்ற சாராயம் கேட்பார்களாம், சபைக்கு மது ஆகாது, அதனால் இனிப்பான மால்ட் பானம். பிறகு என் பக்கம் திரும்பினார். "இடக்கைக்கு ஒரு பெட்டி. அது இந்த வைத்தியர் தரணும்."

"தூண்தான் காரணம், பாஸ்டர்," என்றேன்.

"தூணைக் கூட்டிக்கிட்டு வா. அதுகிட்ட வாங்கிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டப் போக மாப்பிள்ளை பக்கம் பெரியவர்கள் வேண்டும். எபனேசருக்குப் பலேர்மோவில் யார் இருக்கிறார்கள்? செல்வராசா அண்ணன் கோட்டு எடுத்து மாட்டினார். "நான் மாமன். யோகம் மாமி. நீர் என்ன முறை தம்பி?" "வைத்தியர்," என்றேன். யோகம் அக்கா கூறைச் சேலையில் வந்தார். பல்லாரோ சந்தை வழியாக மூன்று மால்ட் பெட்டிகளோடு நாங்கள் நடந்து போனதைத் தக்காளி விற்கிறவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

அண்ணன்தான் தட்டினார். உள்ளேயிருந்து, "யார்?" என்று கேட்டார்கள். கேட்க வேண்டுமாம், வழக்கம். "பூப் பறிக்க வந்தம்!" என்று அண்ணன் இத்தாலிய மொழியில் கத்தினார், எபனேசர் சொல்லிக்கொடுத்தபடி. கதவு திறந்தது.

பெட்டிகளை வலக்கையால் கொடுத்தோம். நான் இடக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். பிறகு பாஸ்டர், "அம்மா எங்கே?" என்றார். எபனேசர் தொலைபேசி அட்டை ஒன்றைச் சுரண்டி, அவர்கள் வீட்டுப் போனில் டெச்சிமானுக்குப் போட்டு, சத்தமாகக் கேட்கும் பொத்தானை அழுத்தினார். கரகரவென்று ஒரு பெண்குரல். கிரேஸ் எங்களுக்காக மெதுவாக மொழிபெயர்த்தாள்.

அம்மா கேட்ட முதல் கேள்வி: "வந்தவங்களுக்குத் தண்ணி குடுத்தீங்களா?"

அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. கிரேஸ் எழுந்து ஓடினாள். நாங்கள் தண்ணீர் குடித்து முடித்ததைப் பாஸ்டர் போனில் அறிவித்த பிறகுதான் அந்த அம்மா அடுத்த பேச்சுக்கு வந்தார். மகனைப் பற்றிக் கொஞ்சம், மருமகளைப் பற்றி நிறைய. பாஸ்டர் தொண்டையைச் செருமி, அவருடைய தொழில் பற்றி விசாரித்தார். அவர் இலைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். எது வயிற்றுக்கு, எது காய்ச்சலுக்கு. 'நிம்' வந்ததும் யோகம் அக்கா, "வேப்பிலை, எங்கடை வேப்பிலை!" என்றார். எபனேசர் என்னைப் பார்த்தார். நான் விட்டுக்கொடுத்தேன்.

மூப்பர்கள் பலகாரம் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, பாஸ்டர் போன் அருகே குனிந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா, இந்த முழங்காலுக்கு..." என்றார்.

டக்கென்று அட்டை தீர்ந்துவிட்டது.

பாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்து டையைச் சரிசெய்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஐந்து யூரோ நோட்டு ஒன்றை எடுத்துக் கிரேஸிடம் நீட்டி, "கீழ்க் கடையில இன்னொரு அட்டை வாங்கிட்டு வா," என்றார்.

நான் கிளம்பும்போது கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது. ஆக மொத்தம் ஆன செலவு ஐம்பத்தெட்டு யூரோ. அம்மாவை மறைத்ததற்கு முப்பத்திரண்டு, மாமியார் குரலுக்கு ஐந்து, பாஸ்டரின் முழங்காலுக்கு ஐந்து, என் இடக்கைக்குப் பதினாறு. அந்தப் பதினாறில் எட்டைப் பியெரா கொடுத்துவிட்டார், வலக்கையால்.